இல்லத்தில் இசை கேட்டற்குரிய இருவகை ஒலிபெருக்கிகள்

ஒலிபெருக்கி என்றவுடனே நம்மவர் மனத்தில் முதற்கண் தோன்றுவது, திருவிழாக் காலங்களில் மரக்கிளையிலும் மின்கம்பத்திலும் கட்டித் தொங்கவிடப்பெறும் கூம்பு வடிவக் கருவியே. அதன் ஓசையைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்ளாதார் மிகச் சிலரே. அக்கூம்பின் இனத்தைச் சேர்ந்த ஒன்றை வீட்டுக் கூடத்தில் வைத்து இன்னிசை கேட்பவரும் உளர் என்று யாரேனும் சொல்லியிருந்தால் யான் நகைத்திருப்பேன். சென்ற கோடை விடுமுறையில் நாகர்கோவிலில் என் பெரியப்பா இல்லத்தில் தங்கியிருந்தபோது அந்நகைப்புக்கு இடமில்லை என்று அறிந்துகொண்டேன். தமிழ் பயிலும் மாணவனாகிய யான், பௌதிக வகுப்பினர்க்குரிய இப்பொருளை எடுத்து எழுதத் துணிந்தமைக்கு அவ்விடுமுறையே காரணம்.

நடந்தது இதுவாகும். என் பெரியப்பா இங்கிலாந்தில் பல ஆண்டுகள் பொறியாளராகப் பணியாற்றியவர். திரும்பி வருங்கால், அங்கே ஒருவரிடம் பழையதாக விலைக்கு வாங்கிய குவாட் நிலைமின் ஒலிபெருக்கி இரண்டினை உடன் கொணர்ந்தார். அடுத்த தெருவில் வாழ்ந்த அவர்தம் நண்பர் ஒருவரோ, அமெரிக்கரான கிளிப்ஷ் என்பாரின் முறையைத் தழுவி, தச்சரைக் கொண்டு ஒட்டுப்பலகையால் மூலைக்கூம்பு இரண்டு செய்வித்து வைத்திருந்தார். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்தபின் இருவரும் தத்தம் கருவியே சிறந்தது என்று வழக்காடி இருபது ஆண்டுகள் கழித்தனர். இப்பொழுது அந்நண்பர் தம் மகளோடு வாழ வடநாடு செல்ல நேர்ந்தது. கூம்புகளை உடன் கொண்டுபோதல் இயலாது. ஆகவே அவற்றைப் பெரியப்பாவுக்கே கொடுத்துவிட விரும்பினார். பெரியப்பா வீட்டில் இருப்பது ஒரே கூடம். இரண்டு இணைகளுக்கும் அங்கே இடமில்லை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அகற்றியே தீரவேண்டும். "உனக்குக் கணக்கும் தெரியாது, கட்சியும் கிடையாது. மூன்று நாள் இருந்து கேட்டு, எது நிற்கலாம் என்று சொல்" என்றார் பெரியப்பா. கணக்குத் தெரியாது என்று அவர் சொன்னது என் மனத்தில் தைத்தது. ஆகலின் கேட்பதோடு நில்லாமல், அவ்விரண்டின் இயல்பையும் அவரிடமும், பின்னர் நம் கல்லூரிப் பௌதிக ஆசிரியர் ஒருவரிடமும் வினவி அறிந்தேன்.

ஒலிபெருக்கி செய்யவேண்டிய தொழில் காற்றை அசைப்பது ஒன்றே. அத்தொழில் எளிதுபோலத் தோன்றினும் எளிதன்று. கல்லை எறிந்து பழகிய கை, பஞ்சுருண்டை ஒன்றை எறிய முயல்வதை எண்ணிப் பார்க்க. கையின் வலிமை முழுதும் கையை வீசுவதிலேயே கழியும். பஞ்சுக்குச் செல்வது சிறிதே. ஒலிபெருக்கியின் நிலையும் அதுவே. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925-ஆம் ஆண்டில் வெளியிட்ட முறைப்படி, காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச்சுருளும், அதனோடு ஒட்டிய காகிதக் குடையும் முன்னும் பின்னும் அசைகின்றன. இன்று வானொலியிலும் தொலைக்காட்சியிலும் உள்ளவை பெரும்பாலும் அவ்வகையினவே. அவற்றுள் செலுத்தப்பெறும் மின்னாற்றலில் நூற்றில் ஒரு பங்கேனும் ஒலியாக வெளிவருதல் அரிது. எஞ்சியது கம்பிச்சுருளைச் சூடாக்கி வீணாகும். ஆற்றல் வீணாவது மட்டுமன்று. காகிதமும் சுருளும் காற்றினும் பன்மடங்கு கனமுடையன ஆதலின், அசை என்றவுடன் அசையா. நில் என்றவுடன் நில்லா. இசையில் ஒரு தந்தி ஓசை ஓய்ந்த பின்னும் குடை சற்றே நடுங்கிக்கொண்டிருக்கும்.

இக்குறையைப் போக்க வழிகள் இரண்டு. பஞ்சு கையை எதிர்த்து நிற்குமாறு அதனைக் கனமாக்குவது ஒன்று. கையையே பஞ்சளவு இலேசாக்குவது மற்றொன்று. முதல் வழியிற் சென்றது கூம்பு. இரண்டாம் வழியிற் சென்றது நிலைமின் ஒலிபெருக்கி. நண்பர் இருவரும் இருபது ஆண்டு வழக்காடியது ஒரே நோய்க்கு உரிய இரண்டு மருந்துகளைப் பற்றியே என்று தெளிந்தபோது எனக்கு வியப்புண்டாயிற்று. இசைக்கருவிகளைத் தோல், துளை, நரம்பு, கஞ்சம் எனப் பகுத்த நம் முன்னோர் இவற்றைக் கண்டிருந்தால், ஒன்றைத் துளைக்கருவிக்கும் மற்றதைத் தோற்கருவிக்கும் உறவாக்கியிருப்பர்.

கூம்பை முதலில் நோக்குவோம். நாகசுரத்தின் அடியில் அகன்று விரியும் அணைசினைக் கழற்றிவிட்டு வாசித்தால் அதன் வீறு குன்றும் என்பது நாம் அறிந்ததே. கூம்பின் தொண்டை குறுகியது; வாய் அகன்றது. தொண்டையில் அடைபட்ட காற்று பக்கங்களில் ஒதுங்க வழியின்றி, இயக்கும் தகட்டுக்கு எதிர்நிற்கும். அதனால் தகட்டின் உந்துதல் வீணாகாமல் காற்றின்மேற் செல்லும். அவ்வாறு தொண்டையில் எழுந்த அழுத்தம், சிறிது சிறிதாக விரியும் சுவரைத் தொடர்ந்து சென்று, வாயை அடையும்பொழுது அறையின் காற்றோடு இயல்பாகக் கலக்கும். விரிவு திடீரென நிகழ்ந்தால் ஒலி திரும்பித் தொண்டைக்கே ஓடும். ஆகவே எவ்வளவு மெல்ல விரியவேண்டும் என்பதே கூம்புக் கலையின் மறை. எடிசன் 1877-இல் போனோகிராபைச் செய்த காலந்தொட்டு அரை நூற்றாண்டளவும் மின்சார உதவியின்றிக் கூம்பே ஒலியைப் பெருக்கி வந்ததாயினும், அதன் கணக்கை வெப்ஸ்டர் என்னும் அமெரிக்கப் பௌதிகர் 1919-இலும், ஹன்னா, ஸ்லெப்பியன் என்னும் இருவர் 1924-இலும் வெளியிட்ட பின்னரே தொழிலாளர் அளவறிந்து செய்யலாயினர். 1926-இல் வைட்டபோன் முறையில் திரைப்படத்தோடு இசை சேர்ந்து ஒலித்தபோது, சில வாட் ஆற்றலே தரவல்ல அக்காலத்து ஆம்ப்ளிபயர்களைக் கொண்டு பெருங்கொட்டகைகளை நிரப்பியதும் கூம்பே.

கொட்டகைக்குப் பொருந்தியது வீட்டுக்குப் பொருந்துமோ? பெரியப்பா எனக்கு ஒரு காகிதத்தில் கணக்கிட்டுக் காட்டியதை இங்கே தருகின்றேன். மெலிவு, சமன், வலிவு என்னும் மூன்று தானங்களுள் மெலிவின் அடியில் உள்ள, நொடிக்கு 40 அதிர்வுடைய ஒலியை எடுத்துக்கொள்வோம். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் செல்லும். ஆகவே அவ்வொலியின் அலைநீளம் 8½ மீட்டருக்குச் சற்று மிகும். தனித்து நிற்கும் கூம்பின் வாய்ச்சுற்றளவு அவ்வலைநீளத்திற்குக் குறைதலாகாது. அங்ஙனமாயின் வாயின் விட்டம் 2¾ மீட்டர், அஃதாவது 9 அடி. கூம்பின் பரப்பு ஒவ்வொரு 47 செண்டிமீட்டருக்கும் ஒருமுறை இரட்டிக்கவேண்டும். அதனினும் விரைந்து இரட்டித்தலாகாது. 500 சதுர செண்டிமீட்டர் அளவுள்ள தொண்டையிலிருந்து அவ்வாயை அடைய 3¼ மீட்டர் நீளம் வேண்டும். இத்தகையது ஒன்றன்று, இரண்டு வேண்டும். நம் வீடுகளில் ஒரு கூம்பு வைத்தால் குடியிருப்பவர் வெளியே போகவேண்டும்!

இவ்விடத்தேதான் கிளிப்ஷ் என்பாரின் நுண்ணறிவு விளங்குகின்றது. பால் வில்பர் கிளிப்ஷ் 1904-இல் பிறந்து 2002-இல் மறைந்த பொறியாளர். இரண்டாம் உலகப் போரின்போது ஆர்க்கன்சா மாநிலத்து ஹோப் என்னும் சிற்றூரில் படைத்துறைப் பணியில் இருந்தவர். போர் முடிந்தபின் 1946-இல் அவ்வூரிலேயே தொழில் தொடங்கினார். அறையின் மூலையில் இரண்டு சுவரும் தரையும் கூடுமிடம் இயற்கையாகவே ஒரு கூம்பு போன்று விரிகின்றது. கருவியை அங்கே பதித்துவிட்டால் ஒலி எட்டுத் திசைக்கூறுகளுள் ஒன்றிற்குள்ளேயே பரவும். ஆகவே வாயின் பரப்பு எட்டில் ஒரு பங்காயினும் போதும். நீளமும் மேலே சொன்ன கணக்கில் 1¾ மீட்டரளவிற்குச் சுருங்கும். அந்நீளத்தையும் பலகைகளுக்கிடையே மடித்து மடித்துச் செலுத்தினால், 4 அடி உயரமுள்ள பெட்டி ஒன்றுக்குள் எல்லாம் அடங்கிவிடும். சுவர் கூம்பின் கடைசிப் பகுதியாகும். வீட்டையே கருவியின் உறுப்பாக்கிய இத்திறத்தை யான் எத்துணை பாராட்டினும் தகும். கிளிப்ஷ்ஹார்ன் என்னும் அப்பெட்டி இன்றும் செய்யப்பட்டு வருகின்றது. அண்மைக் காலத்து வகைகளில் பின்புறமும் பலகையால் மூடப்பெற்றிருப்பதால் மூலையோடு இறுக ஒட்டவேண்டிய கட்டாயம் தளர்ந்துள்ளது.

தெருக்கூம்பின் கரகரப்புக்கும் காரணம் இக்கணக்கினாலேயே விளங்கும். அதன் வாயின் விட்டம் 45 செண்டிமீட்டர் எனக்கொண்டால் சுற்றளவு 1.4 மீட்டர், நொடிக்கு 240 அதிர்வுக்குக் கீழ்ப்பட்ட ஒலியை அது தாங்காது. ஆண்மகன் பேசும் குரலின் அடிப்படை அதிர்வோ 100-க்கும் 150-க்கும் இடைப்பட்டது. பேசுவோர் யாவராயினும் மார்பில்லாத தொண்டை மட்டுமே பேசுவதுபோலத் தோன்றுவது அதனாலேயே. குற்றம் கூம்பினுடையதன்று, அதன் சிறுமையினுடையது.

இனி நிலைமின் ஒலிபெருக்கி. உலர்ந்த தலையிற் சீப்பினைத் தேய்த்துக் காகிதத் துணுக்கின் அருகே பிடித்தால் துணுக்கு தாவி ஒட்டிக்கொள்வதைச் சிறுவரும் அறிவர். அவ்விழுப்பாற்றலே இங்குத் தொழிற்படுவது. துளைகள் நிறைந்த இரண்டு தட்டுகளுக்கு இடையே மிக மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று இழுத்துக் கட்டப்பெற்றிருக்கும். படலத்திற்கு உயர்ந்த மின்னழுத்தம் ஊட்டப்படும். 1957-ஆம் ஆண்டின் குவாட் கருவியில் மெலிவுத் தானத்துப் படலங்களுக்கு 6000 வோல்ட்டும், வலிவுத் தானத்துப் படலத்திற்கு 1500 வோல்ட்டும் ஆகும். இசைக்குரிய மின்னலை இரு தட்டுகளிலும் மாறிமாறி ஏறும்பொழுது, ஒரு தட்டு இழுக்க, மற்றது தள்ள, படலம் அசையும். கம்பிச்சுருள் இல்லை, காந்தம் இல்லை, காகிதக் குடையும் இல்லை. குடையை ஓரிடத்திற் பிடித்துத் தள்ளுவது போலன்றி, படலத்தின் ஒவ்வோர் அணுவளவும் ஒரே காலத்தில் தள்ளப்படுகின்றது.

படலம் எவ்வளவு இலேசானது என்பதற்கு ஒரு கணக்கு. 6 மைக்ரான் கனமுள்ள பாலியெஸ்டர்ப் படலம் ஒரு சதுர மீட்டருக்கு 8 கிராமுக்குச் சிறிது மிகுந்த எடையுள்ளது. அதே பரப்பில் 7 மில்லிமீட்டர் கனத்திற்கு நிற்கும் காற்றின் எடையும் அதுவே. ஆக, அசைவதும் அசைக்கப்படுவதும் ஒரே இனமாகிவிட்டன. பஞ்சைப் பஞ்சே எறிகின்றது.

இக்கருத்து புதியதன்று. மேலே கூறிய கெல்லாக் 1920-களிலேயே இவ்வழியிலும் முயன்றவர். அக்காலத்தில் இதற்குத் தக்க மெல்லிய படலம் கிடைக்கவில்லை. பாலியெஸ்டர் முதலியன போருக்குப் பின்னரே எளிதிற் கிட்டின. படலத்திலேறிய மின்சாரம் அங்குமிங்கும் ஓடாமல் நிலையாக நின்றால் அசைவு மின்னலையோடு பிறழாது ஒத்துநிற்கும் என்பதை ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்து ஹண்ட் 1954-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஹண்டிங்டன் நகரில் தொழில் நடத்திய பீட்டர் வாக்கர் 1955-இல் ஒயர்லெஸ் வோர்ல்டு என்னும் இதழில் இதுபற்றிக் கட்டுரைகள் எழுதி, 1957-இல் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தார். பார்வைக்கு அது குளிர்நாட்டு வீடுகளில் அறையைச் சூடாக்க வைக்கும் கருவியை ஒக்கும். பெரியம்மா முதன்முதல் அதனைக் கண்டபோது நாகர்கோவிலில் இதற்கு என்ன தேவை என்று கேட்டார்களாம்.

இதன் குறைகளும் சிறியன அல்ல. படலத்தின் முன்னே செல்லும் ஒலியளவு பின்னேயும் செல்லும். ஆனால் முன்னது தள்ளும்போது பின்னது இழுக்கும். நீண்ட அலைகளையுடைய மெலிவொலிகள் கருவியின் ஓரத்தைச் சுற்றிவந்து ஒன்றையொன்று அழிக்கும். பின்சுவருக்கு அருகே வைத்தால் கேடு மிகும்; ஆகலின் கூடத்தின் உள்ளே ஒரு மீட்டரேனும் தள்ளி, நடப்பவர் காலில் இடறும்படி வைக்கவேண்டும். தேவாலயத்து ஆர்கனில் 16 அடிக் குழலின் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 33 அதிர்வுடையது. பெரியப்பாவின் கருவியில் அது வந்ததாகவே சொல்லமுடியாது. வலிவொலிகளோ கைவிளக்கின் ஒளிபோல் நேரே மட்டும் செல்லும். நேர் நடுவில் ஒருவர் அமர்ந்து தலையை அசையாது வைத்துக்கொண்டால் அவருக்கே முழு இன்பம். இக்குறையைத் தீர்க்க வாக்கர் பல ஆண்டு உழைத்து, 1981-இல் வேறொரு கருவியை வெளியிட்டார். அதில் வட்டத்துள் வட்டமாகத் தட்டுகள் அமைந்து, நடுவிலிருந்து ஓரத்திற்கு ஒலி சிறிது சிறிதாகத் தாழ்த்துச் செல்லும். குளத்திற் கல்லிட்டாற்போல அலை விரியும். படலத்திற்கு 30 செண்டிமீட்டர் பின்னே ஒரு புள்ளியிலிருந்து ஒலி எழுவதுபோலக் காதுக்குத் தோன்றும். பெரியப்பா வைத்திருப்பது அதுவன்று, பழையதே.

உரப்பின் எல்லையும் உண்டு. ஒரு வாட் ஆற்றலை ஊட்டி ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால், கிளிப்ஷ்ஹார்ன் 105 டெசிபெல் தரும் என்று அந்நிறுவனத்தார் குறிக்கின்றனர். குவாட் கருவிகளில் ஏறத்தாழ 86 டெசிபெலே எதிர்பார்க்கலாம். இவ்விரண்டுக்கும் உள்ள 19 டெசிபெல் வேற்றுமை சிறிதெனத் தோன்றினும், ஆற்றற் கணக்கில் அஃது 80 மடங்கு. கூம்பு ஒரு வாட்டினால் எழுப்பும் முழக்கத்தை எழுப்ப நிலைமின் கருவிக்கு 80 வாட் வேண்டும். கொடுத்தாலோ அது பொறுக்காது. 1957-ஆம் ஆண்டுக் கருவிக்கு 33 வோல்ட்டுக்கு மேற்பட்ட உச்ச மின்னழுத்தம் சென்றால் உள்ளே மின்பொறி பறந்து படலம் பொசுங்கும். வாக்கர் தாமே செய்த 15 வாட் ஆம்ப்ளிபயரோடு அதனை இணைத்ததன் காரணமும் இதனுள் அடங்கும்.

இவ்வளவும் ஏட்டுக் கணக்கு. காதிற்கு எவ்வாறு இருந்தது என்பதைச் சொல்கின்றேன்.

முதல் நாள் மாலை நண்பரின் இல்லத்தில் கூம்புகளைக் கேட்டேன். ஹாண்டெலின் மேசியாவில் பாடற்குழு முழுதும் ஒருங்கெழும் இடம் வந்தது. யான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஒலி பெரிதாயிருந்தமையால் அன்று. மெல்ல ஒலித்தது உரக்க ஒலிக்கும்போது இடையே எவ்விதத் திணறலும் இல்லாமையால். பித்தளை எக்காளம் பித்தளையாகவே ஒலித்தது. தவில் அடியில் கோலுக்கும் தோலுக்கும் உள்ள விசை தெரிந்தது. கூம்பின் தகடு மிகச் சிறிதே அசைந்து பேரொலி எழுப்புவதால், அசைவின் மிகுதியால் வரும் திரிபு அதனிடம் குறைவு என்று கிளிப்ஷ் வாழ்நாள் முழுதும் வற்புறுத்தி வந்தார். அவர் சொல்லில் உண்மை உண்டு. ஆயினும் ஒரு பெண்மணி தம்புராவோடு தனித்துப் பாடிய இசைத்தட்டினை வைத்தபோது, குரலைச் சுற்றி இரு கைகளைக் குவித்து வைத்தாற்போன்ற சாயல் ஒன்று இருந்தது. மெலிவு, சமன், வலிவு மூன்றற்கும் வெவ்வேறு கூம்புகள் ஆதலின், மடிந்த நீண்ட வழியிற் சென்று வரும் மெலிவொலி சற்றே பிந்தி வருகின்றது என்று நண்பரே ஒப்புக்கொண்டார். எனக்கு அப்பிந்துதல் புலப்படவில்லை. குவித்த கைகள் மட்டும் புலப்பட்டன.

இரண்டாம் நாள் பெரியப்பா கூடத்தில் அதே இசைத்தட்டுகள். மேசியா சுருங்கிவிட்டது, மேடை நூறு அடி தள்ளிப்போனதுபோல் இருந்தது. ஒலியை ஏற்றலாமா என்று கேட்டேன். பெரியப்பா கையை உயர்த்தித் தடுத்தார். ஆனால் தம்புராவும் குரலும் வந்தபோது ஒலிபெருக்கி என்பதொன்று அங்கே இருப்பதையே மறந்தேன். பாடகி மூச்சை இழுப்பதும், சொல்லின் ஈற்றில் உதடு மூடுவதும், தம்புராவின் தந்தி ஓய்ந்து அமைதியாவதும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. யாப்பிலக்கணத்தில் குற்றியலுகரத்திற்கு அரை மாத்திரை என்று பல நாள் நெட்டுருச் செய்திருக்கின்றேன். அந்த அரை மாத்திரையை அன்றுதான் காதாற் கேட்டேன் என்று கூறினால் மிகையாகாது. எழுந்து சாளரத்தருகே சென்றபோது பாதி மறைந்துவிட்டது என்பதையும் மறையாது சொல்லவேண்டும்.

வெவ்வேறு அறையிற் கேட்டு ஒப்பிடுவது நேர்மையன்று என்று நண்பர் முறையிட்டார். அது நியாயமே. ஆகவே மூன்றாம் நாள் நால்வர் கூடித் தூக்கிக் கூம்புகளைப் பெரியப்பா கூடத்திற்குக் கொணர்ந்தோம். இடப்புறத்துக் கூம்பு மூலையிற் செவ்வனே அமர்ந்தது. வலப்புற மூலையிலோ வாயிற்கதவு. கதவைச் சாத்தி அதன்மேற் கூம்பைச் சார்த்தினோம். கதவு பலகையன்றிச் சுவரன்று ஆகலின், மெலிவொலி எழுந்தபோதெல்லாம் தாழ்ப்பாள் கலகலத்தது. அன்று மாலை வந்த பால்காரர் கொல்லைப்புறமாகச் சுற்றி வந்தார்.

அதன்பின் பெரியப்பா மேசைக்குள்ளிருந்து ஒரு நாடாப் பேழையை எடுத்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் காலஞ்சென்ற பெரியம்மா, ஒரு கிறிஸ்துமஸ் இரவில் சமையலறைக்கு அருகே நின்று கீர்த்தனை ஒன்று பாட, பெரியப்பா சிறு கருவியாற் பதிவு செய்தது அது. பதிவு நன்றன்று, இரைச்சல் மிக்கது. கூம்பு அவ்விரைச்சலை முன்னே தள்ளி, பெரியம்மாவின் குரலைத் தெருவிலிருந்து அழைப்பவர் குரல்போல ஆக்கிற்று. நிலைமின் கருவியிலும் இரைச்சல் இருந்தது; அது ஒரு புறமாக ஒதுங்கி நின்றது. குரல் கூடத்தின் நடுவே, அவர்கள் நிற்கும் உயரத்தில் இருந்தது. பாட்டின் இடையில் யாரையோ நோக்கி, அடுப்பைப் பார் என்று மெல்லச் சொல்வது கேட்டது. இத்தனை ஆண்டுகளில் அச்சொற்களைக் கூம்பிலே கேட்டதில்லை என்று நண்பர் சொன்னார். அவரும் அந்நாடாவைப் பன்முறை தம் வீட்டிற் போட்டுக் கேட்டவர்.

பெரியப்பா என்னை நோக்கினார். யான் என் கருத்தைச் சொன்னேன். வீட்டுக் கூடத்தில் நான்கு மீட்டர் தொலைவில் ஒருவரோ இருவரோ அமர்ந்து கேட்பதற்கு 80, 85 டெசிபெலே மிகுதி. அவ்வளவிற்கு நிலைமின் கருவி சில வாட்டே உண்டு அமைதியாகத் தொழில் செய்யும். அவ்வெல்லைக்குள் அதன் மெய்ம்மைக்கு நிகர் யான் கேட்டதில்லை. கூம்பின் பெருந்திறன் வெளிப்படவேண்டுமாயின் பெரிய இடமும், பலர் கேட்கும் தேவையும், அடைபடாத இரண்டு மூலைகளும் வேண்டும். இசைப்பிரியர் ஒருவர் வாரத்தில் ஆறு நாளும் ஆர்கனும் பெரும் பாடற்குழுவுமே கேட்பாராயின், கதவை இடம் மாற்றிக் கட்டியேனும் கூம்பை வைத்துக்கொள்க என்பேன். பெரியப்பா அத்தகையவர் அல்லர். நண்பர் என் தீர்ப்பைக் கேட்டுச் சினவாமல், சுற்றுச்சுவரில்லாத வழக்கில் நீதிபதியாகிவிட்டாய் என்று சொல்லி நகைத்தார். தாழ்ப்பாளையே அவர் குறித்தார் என்று பின்னர்தான் விளங்கிற்று.

கூம்புகள் இப்பொழுது அவர்கள் சபையைச் சேர்ந்த இளைஞர் மன்றத்தின் கூடத்தில் இருக்கின்றன. நாற்பது பேர் அமரும் இடம். இரண்டு மூலைகளும் கல்லாலானவை. ஆம்ப்ளிபயரோ 8 வாட் மட்டுமே தருவது. கிறிஸ்துமஸ் ஒத்திகைக்கு முன் அங்கே மேசியா போட்டார்கள் என்றும், முன் வரிசையில் இருந்தவரும் பின் வரிசையில் இருந்தவரும் ஒரு தன்மையாகவே கேட்டனர் என்றும் பெரியப்பா எழுதியிருந்தார்.

நிலைமின் கருவிக்கும் வாழ்வு முழுதும் இன்பமாக இல்லை. ஐப்பசி மழை பிடித்தவுடன் இடப்புறத்துக் கருவி பொரிவதுபோல் ஓசை செய்யத் தொடங்கிற்றாம். ஈரக்காற்றில் படலத்தின் மின்சாரம் கசிந்துவிடும். அதன் இழுப்பாற்றலால் தூசியும் வந்து சேரும். பழுது பார்க்க அனுப்பியதில் ஒரு கடைக்காரர் இரண்டு மாதம் வைத்திருந்து, திறந்தும் பாராமல் திருப்பி அனுப்பினார். ஆகவே பெரியப்பா தாமே மேலுறையைக் கழற்றி, மென்தூரிகையால் தூசி நீக்கி, இரவில் அருகே ஒரு 40 வாட் விளக்கை எரியவிட்டு உலர்த்துகின்றார். மழை விட்டு மூன்று நாள் வெயில் அடித்தபின் அது மீண்டும் பாடும் என்று கடிதத்தின் இறுதியில் எழுதியுள்ளார்.